கிளட்சில் ஏர் எடுக்கும்போது செய்யக்கூடாதவை

மணிமுத்தாறு சோதனைச்சாவடியைத் தாண்டி மாஞ்சோலைக்கு ஏறிக்கொண்டிருந்தபோது என் ஜீப்பின் கிளட்ச் பெடல் பஞ்சு மாதிரி இறங்கிவிட்டது. செகண்டிலிருந்து ஃபர்ஸ்டுக்கு மாற்றப் பார்த்தால் கியர் விழவில்லை, ஒரு பக்கம் பள்ளம், பின்னால் பஸ் வேறு. பெடலை நாலைந்து தடவை பம்ப் பண்ணினதும் கொஞ்சம் கெட்டியானது, அந்த நேரம் பார்த்து கியரைப் போட்டு எப்படியோ வந்து சேர்ந்தேன். பம்ப் பண்ணினால் பெடல் மேலே வருகிறது என்றால் பெரும்பாலும் லைனில் ஏர் இருக்கிறது. அதை வீட்டு முற்றத்திலேயே எடுத்துவிடலாம் என்று உட்கார்ந்தேன். ஒரு மணி நேர வேலை, மூன்று சாயங்காலம் இழுத்தது. நான் செய்த தவறுகளையும், பிறகு மற்றவர்கள் வண்டியில் பார்த்த தவறுகளையும் எழுதுகிறேன்.

முதல் தவறு, ஏர் எப்படி வந்தது என்று கேட்காமல் ஏரை மட்டும் எடுப்பது. பெடல் அமுக்கும் மாஸ்டர் சிலிண்டரிலிருந்து, கிளட்சை விலக்கும் ஸ்லேவ் சிலிண்டர் வரைக்கும் அது ஆயில் நிரம்பின, மூடின லைன், காற்று தானாக உள்ளே வராது. ஆயில் கசிகிற ஓட்டை எங்கேயோ இருக்கிறது. பெடலுக்குக் கீழே கார்ப்பெட்டைத் தூக்கித் தொட்டுப் பாருங்கள், ஈரமாக இருந்தால் மாஸ்டர் சிலிண்டரின் வாஷர் போயிருக்கிறது. வண்டிக்கு அடியில் ஸ்லேவ் சிலிண்டரின் ரப்பர் உறையை லேசாக விலக்கிப் பாருங்கள், உள்ளே சொட்டு நின்றால் அங்கே கசிவு. கசிவோடு விட்டு ஏரை மட்டும் எடுத்தால் ஒரு வாரத்தில் பெடல் மறுபடி இறங்கும். சில வண்டிகளில் ஸ்லேவ் சிலிண்டர் பெல் ஹவுசிங்குக்குள்ளேயே (கிளட்ச் இருக்கும் கூடு), ரிலீஸ் பேரிங்கோடு சேர்ந்து இருக்கும். அதில் கசிவு என்றால் கியர்பாக்ஸை இறக்க வேண்டும். அதை வீட்டில் தொடாதீர்கள்.

அடுத்தது ஆயில். கிளட்ச் லைனில் இருப்பதையும் நாம் எல்லோரும் பிரேக் ஆயில் என்கிறோம், அந்தப் பெயரே ஆளைக் கெடுக்கிறது. அது எண்ணெய் வகையே இல்லை, கிளைகால் (glycol) என்ற ரசாயனம் சார்ந்த திரவம். அவசரத்துக்கு இன்ஜின் ஆயிலையோ பவர் ஸ்டீயரிங் ஆயிலையோ ஊற்றினால் உள்ளே இருக்கும் ரப்பர் வாஷர்கள் ஊதிப் போகும், அப்புறம் மாஸ்டர், ஸ்லேவ் இரண்டையும் மாற்ற வேண்டியதுதான். பார்ட்ஸை மண்ணெண்ணெயில் கழுவுவதும் அதே கேடுதான். அந்த ஆயில் ஊற்றும் சின்ன டேங்கின் மூடியில் டாட் 3 (DOT 3) என்றோ டாட் 4 என்றோ தரம் போட்டிருக்கும், அதையே வாங்குங்கள். டாட் 5 சிலிகான் வகை, இவற்றோடு சேரவே சேராது.

போன வருஷம் சீல் உடைத்த பாட்டிலை எடுத்து ஊற்றாதீர்கள். இந்தத் திரவம் காற்றிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும். புது டாட் 3 குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காமல் நிற்க வேண்டும், ஈரம் ஏறினதுக்கு அந்த அளவு 140 டிகிரிதான். தென்காசிப் பக்கம் சாரல் காலத்திலும், நமக்கு ஐப்பசி கார்த்திகை மழையிலும் சரியாக மூடாத பாட்டில் எப்படி இருக்கும் என்று யோசித்துக்கொள்ளுங்கள். சின்ன பாட்டிலாக வாங்கி, உடைத்ததை அன்றைக்கே முடிப்பது நல்லது.

திசையன்விளை, உடன்குடிப் பக்கம் தேரியில், அதாவது செம்மணல் மேடுகளில், ஓட்டிவிட்டு வருபவர்கள் கட்டாயம் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. டேங்க் மூடியைத் திறக்கும் முன் சுற்றிலும் ஈரத்துணியால் துடைத்து, காய்ந்த துணியால் ஒற்றி எடுங்கள். அந்தச் செம்மண் மாவு மாதிரி நைசாக இருக்கும், உள்ளே விழுந்தால் சிலிண்டரைக் கீறிவிடும்.

ஸ்லேவ் சிலிண்டரில் காற்றை வெளியே விடத் திறக்கும் திருகுதான் நிப்பிள், அதை ஓப்பன் எண்ட் ஸ்பேனரால் திருகினால் முனை மழுங்கிவிடும். ரிங் ஸ்பேனர் போடுங்கள். துருப்பிடித்திருந்தால் முந்தின இரவே துரு இளக்கும் ஸ்பிரே அடித்து வைத்து, காலையில் லேசாகத் தட்டிவிட்டுத் திருகுங்கள். நிப்பிள் நடுவில் ஓட்டை உள்ளது, முரட்டுத்தனமாகத் திருகினால் ஒடிந்து பாதி உள்ளேயே நின்றுவிடும். முடிக்கும்போதும் அளவாக இறுக்கினால் போதும், ரப்பர் மூடியை மறக்காமல் போடுங்கள், ஓடைச் சேறு அந்த ஓட்டைக்குள்தான் போய் அடையும். இன்னொன்று, அடியில் போகும் முன் சக்கரத்துக்குக் கல் வையுங்கள், ஜாக்கியை மட்டும் நம்பிப் படுக்காதீர்கள்.

இனி பெடல் வேலை. என் மூன்று சாயங்காலமும் போனது இங்கேதான். அக்கா மகனை உள்ளே உட்கார வைத்துவிட்டு நான் அடியில் படுத்திருந்தேன். முறை எளிதுதான்: பெடலை அமுக்கிப் பிடிக்க வேண்டும், நிப்பிளைத் திறக்க வேண்டும், குமிழியோடு ஆயில் வரும், நிப்பிளை மூட வேண்டும், அதற்கு அப்புறம்தான் பெடலை விட வேண்டும். மூடும் முன் விட்டால் போன காற்றைவிட அதிகமாக உள்ளே இழுத்துக்கொள்ளும். நான் "விடாதே" என்று கத்த, அவன் காதில் "விடு" மட்டும் விழுந்து காலை எடுத்துவிடுவான், "மாமா, நீங்கதானே விடச் சொன்னீங்க" என்பான். அவன் மேல் தப்பே இல்லை. மறுநாள் சொல்லை மாற்றினோம். நான் "கீழே" என்றால் அமுக்கிவிட்டு அவனும் "கீழே" என்று திருப்பிச் சொல்ல வேண்டும், நிப்பிளை மூடிவிட்டு நான் "மேலே" என்றால்தான் கால் வர வேண்டும். அதற்கப்புறம் ஒரு தடவைகூடத் தப்பவில்லை.

வேகமாகப் பம்ப் பண்ணுவதும் தவறு. பெரிய குமிழி பொடிப்பொடியாக உடைந்து நுரையாகிவிடும், நுரை லேசில் வெளியே வராது. மெதுவாக அமுக்கி, மெதுவாக விடுங்கள். பெடல் தானாக எழும்பாவிட்டால் கையால் தூக்கிவிடுங்கள். மீன்தொட்டிக்குப் போடும், உள்ளே தெரிகிற பிளாஸ்டிக் டியூபை நிப்பிளில் மாட்டி, மறுமுனையைக் கொஞ்சம் ஆயில் ஊற்றின பாட்டிலில் மூழ்க வைத்தால் குமிழி நிற்பது கண்ணுக்குத் தெரியும். நாலைந்து அமுக்கலுக்கு ஒரு தடவை டேங்கைப் பாருங்கள். அது காலியானால் செய்த வேலை எல்லாம் போச்சு. பிரேக்குக்கும் கிளட்சுக்கும் ஒரே டேங்க் உள்ள வண்டியில் இன்னும் கவனம் வேண்டும், ரொம்ப இறங்கினால் பிரேக் லைனிலும் காற்று ஏறிவிடும். டியூபில் வந்த ஆயிலைத் திரும்ப ஊற்றவும் கூடாது. பெயின்ட் மேல் சிந்தினால் உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள், இல்லையென்றால் பெயின்ட் உரிந்துவிடும்.

இத்தனையும் செய்தும் பெடல் கெட்டியாகவில்லையா? காற்று எப்போதும் மேல் பக்கம்தான் போகும். வெளியே மாட்டும் ஸ்லேவ் சிலிண்டரில் நிப்பிள் உச்சியில் இல்லாவிட்டால், அதற்கு மேலே ஒரு குமிழி தங்கிக்கொண்டு நீங்கள் எத்தனை பாட்டில் ஊற்றினாலும் நகராது. போல்ட்டைக் கழற்றி, நிப்பிள் மேலே வரும்படி சிலிண்டரைச் சாய்த்துப் பிடித்து எடுக்க வேண்டும். அப்போது புஷ் ராடை (ஸ்லேவ் பிஸ்டனோடு இருக்கும் கம்பி) உள்ளே அழுத்திக் கட்டி வையுங்கள், கட்டாமல் பெடலை அமுக்கினால் பிஸ்டன் தெறித்து வெளியே வந்துவிடும். எனக்கு மூன்றாம் நாள் இப்படித்தான் சரியானது.

கடைசியில் டேங்கை விளிம்பு வரை நிரப்பாதீர்கள். பிரேக்கில் பேட் தேயத் தேய ஆயில் மட்டம் இறங்கும். கிளட்சில் பிளேட் தேயத் தேய ஸ்லேவ் பிஸ்டன் பின்னால் தள்ளப்பட்டு மட்டம் ஏறும். இடம் விடாமல் நிரப்பினால் பின்னால் அது வழியும். பெடலில் கொஞ்சம் ஃப்ரீ பிளே (அமுக்கத் தொடங்கும்போது எதிர்ப்பில்லாத சின்ன ஆட்டம்) இருக்கிறதா என்றும் பாருங்கள். அது இல்லாவிட்டால் மாஸ்டர் சிலிண்டரில் ஆயில் திரும்பும் ஓட்டை மூடியே இருந்து, கிளட்ச் முழுதாகப் பிடிக்காமல் ஸ்லிப் ஆகிப் பிளேட் கருகும்.

வண்டியை ஸ்டார்ட் பண்ணி, கிளட்சை முழுதாக அமுக்கி, ரெண்டு மூணு வினாடி விட்டு ரிவர்ஸ் போட்டுப் பாருங்கள். கர்ரென்று சத்தம் வந்தால் இன்னும் காற்று இருக்கிறது. சத்தமில்லாமல் விழுந்தால் டேங்கில் மட்டத்தைக் குறித்து வைத்துவிட்டு, காலையில் பெடலும் மட்டமும் அப்படியே இருக்கிறதா என்று பார்த்துவிட்டு மலைப் பக்கம் கிளம்புங்கள்.