கார்டின் பெயர் வேறு, வேலை வேறு

ஹார்மனி படிக்கத் தொடங்குபவர்கள் முதலில் கார்டுகளின் (ஒன்றாக ஒலிக்கும் ஸ்வரக் கூட்டங்களின்) பெயர்களை மனப்பாடம் செய்கிறார்கள். சி, இ, ஜி என்ற ஸ்வரங்கள் சேர்ந்தால் சி மேஜர் கார்ட். சரி, பெயர் தெரிந்துவிட்டது. அந்த இடத்தில் அது என்ன வேலை செய்கிறது என்று கேட்காமல் விடும்போதுதான் தவறுகள் வருகின்றன.

மேற்கத்திய செவ்வியல் இசையில் அடிப்படை வேலைகள் மூன்று. டானிக் என்பது வீடு; சி-யை வீடாகக் கொண்ட சி மேஜரில் அது சி கார்ட். டாமினன்ட் (அங்கே ஜி கார்ட்: ஜி, பி, டி) வீடு திரும்பத் தவிப்பது. சப்டாமினன்ட் (எஃப் கார்ட்: எஃப், ஏ, சி) வீட்டைவிட்டு நகர்ந்து, பெரும்பாலும் டாமினன்டுக்கு வழிகாட்டுவது. ஜெர்மன் இசைக் கோட்பாட்டாளர் ஹியூகோ ரீமான் 1893இல் வெளியிட்ட நூலில் எல்லாக் கார்டுகளையும் இந்த மூன்றுக்குள் வகுத்தார்.

நான் அதிகம் பார்க்கும் தவறு இது. சி மேஜரில் ஒரு வரி முடியப்போகிறது. பேஸில், அதாவது அடிக்குரலில், ஜி; மேலே சி, இ. மூன்றும் சி மேஜரின் ஸ்வரங்கள்தானே என்று டானிக் என எழுதிவிடுகிறார்கள். வாசித்துக் கேளுங்கள், அதில் ஓய்வே இருக்காது. சி என்பது பி-க்கும், இ என்பது டி-க்கும் இறங்கக் காத்திருக்கின்றன; இறங்கினால் ஜி கார்ட். அதாவது, இது டாமினன்டின் முன்பாதி. மொசார்ட்டின் பியானோ கான்செர்ட்டோக்களில் ஆர்கெஸ்ட்ரா இந்தக் கார்டில்தான் நின்று, தனி வாசிப்புக்கு இடம் விடும். பியானோ எவ்வளவு நேரம் சுற்றி வந்தாலும் நாம் காத்திருப்போம். வீடு வந்துவிட்டது என்றால் காத்திருப்போமா?

அடுத்து, எஃப், ஏ, சி கண்டதும் சப்டாமினன்ட் என்று முடிவுகட்டுவது. மொசார்ட் 1788இல் எழுதிய சி மேஜர் சொனாட்டாவின் (கே. 545) மூன்றாவது பாரை (தாளப் பிரிவை) கவனியுங்கள். அங்கே அந்தக் கார்ட் வருகிறது, ஆனால் பேஸ் சி-யை விட்டு அசையவில்லை. மேலே இரண்டு ஸ்வரங்கள் ஒரு படி ஏறி இறங்குகின்றன, அவ்வளவுதான். டானிக் அங்கேயே இருக்கிறது.

பீத்தோவனின் முதல் சிம்ஃபனியும் சி மேஜர்தான். ஆனால் முதல் கார்டிலேயே சி-யோடு பி ஃபிளாட் (பி-க்கு அரைப் படி கீழே) சேர்ந்து, எஃப் கார்டுக்குத் தள்ளுகிறது. வீட்டின் பெயரைச் சுமந்துகொண்டே அது எஃப்-க்கு டாமினன்டாக வேலை செய்கிறது.

அப்புறம், நீங்களே எழுதும்போது ஜி கார்டில் பி-யை இரண்டு குரல்களுக்குக் கொடுக்காதீர்கள். இரண்டுமே சி-க்கு ஏறத் துடிக்கும், ஏறினால் இரண்டு குரல்களும் ஒரே ஸ்வரத்தில் சேர்ந்து நகரும் இணை ஆக்டேவ் என்ற தவறு விழும். டாமினன்டிலிருந்து சப்டாமினன்டுக்குத் திரும்புவது புளூஸில் அழகு. பாக் பாணியில் கோரால் (நான்கு குரல் தேவாலயப் பாடல்) எழுதும்போது அதைத் தவிர்த்துவிடுங்கள்.