காலண்டர் தாளின் பின்பக்கம் எழுதுவது எப்படி

தினமும் கிழிக்கிற காலண்டர் தாளின் பின்பக்கம் உள்ளங்கை அளவுதான். அதில் அன்றைய தேதியில் அமெரிக்காவில் நடந்த ஒரு கூத்தை எழுதிச் சாப்பாட்டு மேசையில் வைப்பது என் வழக்கம்.

முதலில் தேதியைச் சரிபாருங்கள். சம்பவம் நடந்த நாள் வேறு, பேப்பரில் வந்த நாள் வேறு. நானே சறுக்கியிருக்கிறேன்.

சாவு எண்ணிக்கையில் தொடங்காதீர்கள். 1919 ஜனவரி 15, பாஸ்டன். 50 அடி உயர மொலாசஸ் (கரும்புக் கழிவுப் பாகு) தொட்டி வெடித்தது. இதை ஒழுகலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். தொட்டி கட்டியதிலிருந்தே கசிவு. தெருப் பிள்ளைகள் டப்பாவில் பிடித்துக்கொண்டு போனார்கள். கம்பெனி என்ன செய்தது? கசிவது தெரியாதபடி பாகு நிறத்திலேயே பெயின்ட் அடித்தது! அதற்குப் பிறகுதான் 25 அடி அலை, 21 உயிர்கள். அந்தப் பாகு ஆல்கஹால் தயாரிக்க வந்தது. தொட்டி வெடித்த மறுநாளே, நாடு முழுக்க மதுவிலக்கு கொண்டுவரும் அரசியல் சட்டத் திருத்தத்துக்கு, அது நிறைவேறத் தேவையான 36-ஆவது மாநிலமும் ஒப்புதல் கொடுத்துவிட்டது. இந்த வரியை மட்டும் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

ஜூலை 4-க்கு அலையவே வேண்டாம். சுதந்திரப் பிரகடனத்தின் 50-ஆம் ஆண்டு நாளான 1826 ஜூலை 4 அன்றே முன்னாள் அதிபர்கள் ஜெபர்சனும் ஜான் ஆடம்ஸும் போய்ச் சேர்ந்தார்கள். தாளில் இடம் மிச்சமிருந்தால், 1831-இல் அதே தேதியில் இன்னொரு முன்னாள் அதிபர் மன்றோ.