கடத்தலுக்கு இலக்காகும் அயல்நாட்டுப் பிள்ளைகளுக்கு உதவ விரும்பும் டெல்டா சபைகளுக்கு ஒரு வழிகாட்டி

1706இல் சீகன்பால்குவும் புளூட்சோவும் தரங்கம்பாடியில் வந்திறங்கிய பின், காவிரி டெல்டாவின் மிஷன் பள்ளிகளும் விடுதிகளும் நெடுங்காலம் கடல்கடந்து வந்த காணிக்கையால் நடந்தன. இன்று கொடுக்கும் இடத்தில் நாம் நிற்கிறோம். நேபாளத்திலோ கம்போடியாவிலோ ஆள்கடத்தலுக்கு இலக்காகக்கூடிய பிள்ளைகளுக்காக ஒரு பாஸ்டரேட் கமிட்டியோ பங்குப் பேரவையோ காணிக்கை ஒதுக்க நினைக்கும்போது, அதை எப்படிச் செய்வது, எதைச் செய்யக்கூடாது என்பதற்காக இந்தக் குறிப்புகளை எழுதுகிறேன். நம் பணம் பிள்ளையை வீட்டிலிருந்து காப்பகத்துக்கு இழுப்பதாக இருக்கக்கூடாது. பிள்ளை தன் வீட்டிலேயே பாதுகாப்பாக வளர உதவுவதாக இருக்க வேண்டும். மற்ற முடிவுகளெல்லாம் இதிலிருந்தே தொடங்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

இதை வலியுறுத்துவதற்குக் காரணம் உண்டு. நேபாளத்தின் வடமேற்கு மூலையில் உள்ள ஹும்லா மாவட்டத்தில், நல்ல பள்ளியில் சேர்ப்பதாகச் சொல்லித் தரகர்கள் பெற்றோரிடம் பணமும் வாங்கிக்கொண்டு பிள்ளைகளைக் காத்மாண்டுவுக்கு அழைத்துப் போனார்கள். அங்கே அந்தப் பிள்ளைகளுக்குத் தாய் தந்தை இறந்துவிட்டதாகப் பொய்ச் சான்றிதழ் தயாரித்துக் காப்பகங்களில் சேர்த்தார்கள். அந்தக் காப்பகங்கள் நல்ல மனமுள்ள அயல்நாட்டாரின் நன்கொடையால் நடந்தன. கம்போடியாவிலும் சுற்றுலாவும் அயல்நாட்டு நன்கொடையும் பெருகப் பெருகக் காப்பகங்கள் பெருகின. ஆனால் அங்கிருந்த பிள்ளைகளில் மிகப் பலருக்குப் பெற்றோரில் ஒருவரேனும் உயிருடன் இருந்தது கணக்கெடுப்பில் தெரியவந்தது. கடத்தலைத் தடுப்பதற்காகக் கொடுக்கப்பட்ட காணிக்கையே கடத்தலுக்குச் சந்தையாக மாறியது என்பதை நினைக்க மனம் பதைக்கிறது. திக்கற்ற பிள்ளைகளையும் விதவைகளையும் வேதம் சேர்த்தே சொல்கிறது. நம் காணிக்கையோ பிள்ளைக்கு மட்டும் போய், தாயைத் தனியே விட்டுவிடுகிறது.

முதலில் கமிட்டியில் உள்ள அனைவரும் சட்டத்தின் பொருளை அறிந்திருக்க வேண்டும். 2000ஆம் ஆண்டின் ஐ.நா. நெறிமுறைப்படி, 18 வயது நிரம்பாத ஒருவரைச் சுரண்டும் நோக்கத்தோடு அழைத்துச் சென்றாலே அது ஆள்கடத்தல். மிரட்டலோ ஏமாற்றோ நடந்ததாக நிறுவத் தேவையில்லை, பிள்ளை சம்மதித்ததாகச் சொல்வதும் செல்லாது.

அடுத்து, கூட்டாளி அமைப்பைத் தேர்ந்தெடுத்தல். கமிட்டி அதிக நேரம் செலவிட வேண்டியது இங்கேதான். அறிக்கையில் எத்தனை படுக்கைகள் இருக்கின்றன என்பதைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். கடந்த ஆண்டில் எத்தனை பிள்ளைகள் குடும்பத்துக்குத் திரும்பினார்கள், திரும்பிய பிறகு யார், எத்தனை மாதம் போய்ப் பார்த்தார்கள் என்று கேளுங்கள். ஒவ்வொரு பிள்ளையும் எந்த அரசு அதிகாரியின் ஆணையின்பேரில் அங்கே வந்தது, பெற்றோரைத் தேடிய பதிவு உண்டா, பிள்ளையைக் கொண்டுவந்து சேர்த்தவருக்குப் பணம் தரப்படுகிறதா என்பவற்றையும் எழுத்தில் பெறுங்கள். நிர்வாகியின் மனைவியும் மைத்துனரும் மட்டுமே நிர்வாகக் குழுவில் இருக்கும் இடத்துக்கு, அவர்கள் எவ்வளவு பக்தியுள்ளவர்களாக இருந்தாலும், பணம் அனுப்ப வேண்டாம். ஒரு தாய்க்கு ஆடு வாங்கிக் கொடுப்பது, மலைக்கிராமத்துப் பள்ளிக்கு ஆசிரியர் சம்பளம் தருவது, பிறப்புப் பதிவு செய்து கொடுப்பது போன்ற வேலைகளைச் செய்யும் அமைப்பு கிடைத்தால் அதையே முதலில் எண்ணிப் பாருங்கள். அவை பார்வைக்கு எடுப்பாக இருக்கமாட்டா. ஆனால் தரகர் வந்து கதவைத் தட்டும்போது அந்த வீட்டார் மறுத்துச் சொல்லத் துணிவு தருபவை அவைதான்.

எல்லைக் கண்காணிப்பும் ஆதரிக்கத் தக்க பணியே. இந்திய நேபாள எல்லை 1,700 கிலோமீட்டருக்கும் மேல் நீள்வது; இருநாட்டுக் குடிமக்கள் கடவுச்சீட்டு இல்லாமலே கடக்கலாம். ரக்ஸௌல், சோனௌலி போன்ற கடவுகளில் பயிற்சி பெற்ற பெண்கள் நின்று, பிள்ளையோடு வரும் பெரியவரிடமும் பிள்ளையிடமும் தனித்தனியே ஊர், உறவு, போகுமிடம் ஆகியவற்றைக் கேட்டு, பதில்கள் ஒத்துப்போகாதபோது காவலரிடம் தெரிவிக்கிறார்கள். இந்தியப் பக்கத்தில் உள்ள பணிக்கு ரூபாயிலேயே கொடுக்க முடியும் என்பது நமக்குப் பெரிய வசதி. ரக்ஸௌலில் 1930இல் தொடங்கிய டங்கன் மருத்துவமனை போன்ற பழைய கிறிஸ்தவப் பணித்தளங்கள் அந்த எல்லையோரத்திலேயே இருக்கின்றன. அந்தப் பகுதியை அறிய அவற்றின் ஊழியரிடம் விசாரிப்பது நல்லது.

நேபாளத்தில் மதமாற்றம் செய்வது சட்டப்படி குற்றம். ஐந்தாண்டு வரை சிறைத் தண்டனை உண்டு. ஆகவே உதவியையும் ஞானஸ்நானத்தையும் இணைத்துப் பேசும் அறிக்கைகளைக் கேட்காதீர்கள், அச்சிடாதீர்கள். பசியில் இருக்கும் குடும்பத்திடம் விசுவாசத்தைப் பேரமாக்குவது சட்டம் இல்லாவிட்டாலும் தவறுதான்.

பணத்தைப் பொறுத்தவரை நம் பகுதிக்கே உரிய ஒரு சிக்கல் உண்டு. டெல்டா சபைகளுக்குப் பணம் மாதாமாதம் வருவதில்லை. சம்பா அறுவடை முடியும் தை, மாசியில்தான் கை நிறைகிறது, மேட்டூர் அணை ஜூன் 12இல் திறக்கப்படாத ஆண்டில் குறுவையும் இல்லை, காணிக்கையும் குறைவு. மறுமுனையில் ஒரு தாய்க்கு மாதந்தோறும் உதவி சேர வேண்டியிருக்கிறது. எனவே அறுப்பின் பண்டிகை ஏலத் தொகையையும் பெண்கள் சேர்க்கும் கைப்பிடி அரிசியின் விலையையும் தனி வங்கிக் கணக்கில் போட்டு, ஓராண்டுக்கான தொகை கையில் சேர்ந்த பிறகே வாக்குக் கொடுங்கள். கத்தோலிக்கப் பங்குகளுக்குப் பிப்ரவரி 8, அதாவது சிறுவயதில் கடத்தப்பட்டு அடிமையாக விற்கப்பட்ட புனித ஜோசபின் பகித்தாவின் நினைவுநாள், 2015 முதல் ஆள்கடத்தலுக்கு எதிரான செப நாளாகவும் இருக்கிறது. அது அறுவடைக் காலத்திலேயே வருவதால் காணிக்கை எடுக்க ஏற்ற நாள்.

வெளிநாட்டுக்கு நேரடியாக அனுப்புவதானால் சட்டம் தெரிந்து செய்யுங்கள். ரிசர்வ் வங்கியின் தாராளப் பணமனுப்பும் திட்டத்தின்கீழ் தனிநபர் ஒருவர் ஒரு நிதியாண்டில் நன்கொடை உட்பட 2,50,000 அமெரிக்க டாலர் வரை அனுப்பலாம். சபைக்கோ அறக்கட்டளைக்கோ அந்த வழி இல்லை. அறக்கட்டளைப் பணத்தை அயல்நாட்டில் செலவிட்டால் வருமான வரி விலக்கும் பொதுவாகக் கிடைக்காது. ஊருக்குப் போகும் ஒருவரிடம் கையில் ரொக்கத்தைக் கொடுத்தனுப்புவதை எக்காரணம் கொண்டும் செய்யாதீர்கள். ஆடிட்டரிடம் ஒருமுறை கேட்டுவிட்டுத் தீர்மானம் எழுதுவதே முறை.

மிஷன் ஞாயிறன்று திரையில் காட்டப் பிள்ளைகளின் படம் வேண்டும் என்று கேட்கத் தோன்றும். கேட்காதீர்கள். பாதுகாப்புத் தேவைப்படும் பிள்ளையின் பெயர், முகம், பள்ளி ஆகியவற்றை வெளியிடுவதை நம் நாட்டின் 2015ஆம் ஆண்டு சிறார் நீதிச் சட்டத்தின் 74ஆம் பிரிவு தடுக்கிறது. அயல்நாட்டுப் பிள்ளைக்கும் அதே மரியாதையைக் கொடுப்போம். அதேபோல் ஒரு வாரப் பயணமாக வாலிபர் குழுவைக் காப்பகத்துக்கு அனுப்புவதையும் தவிர்க்க வேண்டும். வாரந்தோறும் புதிய முகங்கள் வந்து கொஞ்சிவிட்டுப் போவது, ஏற்கெனவே பிரிவைச் சுமக்கும் பிள்ளைக்கு மீண்டும் ஒரு பிரிவுதான். போகத்தான் வேண்டுமென்றால் கணக்காளரோ செவிலியரோ ஆசிரியரோ போய், அங்குள்ள ஊழியருக்குப் பயிற்சி தந்து வரட்டும்.

இந்த விழிப்பு நம் ஊரிலும் இருக்க வேண்டும். 2004 சுனாமியில் நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் 6,000க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். பேரிடருக்குப் பின் பிள்ளைகளைத் தேடி யார் யாரோ வருவார்கள் என்பதைக் கடற்கரை மக்களுக்கு விளக்க வேண்டியதில்லை. 2015 நிலநடுக்கத்துக்குப் பிறகு நேபாள அரசு பெற்றோர் இன்றிப் பிள்ளைகள் பயணம் செய்வதைக் கட்டுப்படுத்தியதும் அதே அச்சத்தால்தான். ஞாயிறு பள்ளியில் ஒரு பிள்ளை திடீரென வராமல் போனால் வீட்டுக்குப் போய் விசாரியுங்கள். ஆடு மேய்க்கவோ மில் வேலைக்கோ அனுப்பப்பட்டது தெரிந்தால் 1098க்கு அழைத்து, மாவட்டக் குழந்தைகள் நலக் குழுவிடம் எழுத்தில் கொடுங்கள்.

ஆதரித்துவரும் காப்பகம் சரியில்லை என்று பின்னால் தெரிய வரலாம். பிள்ளைகள் அடிக்கப்படுவதாகவோ தவறாக நடத்தப்படுவதாகவோ தகவல் வந்தால், நிர்வாகியிடம் விளக்கம் கேட்டுக் காத்திராமல் அந்நாட்டின் குழந்தைப் பாதுகாப்பு அதிகாரிகளுக்கு உடனே தெரிவிக்க வேண்டும். அப்படிப்பட்ட கொடுமை இல்லாமல் நடைமுறை மட்டும் தவறாக இருந்தால், பணத்தைச் சட்டென்று நிறுத்திவிடாதீர்கள். நிறுத்தினால் பிள்ளைகள் இரவோடு இரவாக வேறு இடத்துக்கு மாற்றப்படலாம். ஒவ்வொரு பிள்ளையின் குடும்பத்தையும் தேடிக் கண்டடைவதற்கான கால அட்டவணையை எழுதி வாங்குங்கள். இனிப் புதிதாக யாரையும் சேர்ப்பதில்லை என்ற உறுதியையும் அதிலேயே பெற்று, அட்டவணை நிறைவேறும் அளவுக்கு ஏற்பக் காணிக்கையைத் தவணை தவணையாக விடுவியுங்கள்.