எலக்ட்ரானின் ஓய்வு ஆற்றல்: ஒரே தாளில் போட்டுப் பார்ப்போம்

ஒரு துகள் எங்கும் ஓடாமல் சும்மா இருந்தாலும் அதனிடம் ஆற்றல் உண்டு, நிறை இருப்பதாலேயே இருக்கிற ஆற்றல். அதுதான் ஓய்வு ஆற்றல். நிறையை ஒளிவேகத்தின் இருமடியால் பெருக்கினால் வந்துவிடும். எலக்ட்ரானுக்கு ஒருமுறை கையால் போட்டுவிட்டால் மற்ற துகள்களுக்கும் அதே வழிதான், தாளும் பேனாவும் எடுங்கள்.

முதலில் நிறை: 9.109 × 10⁻³¹ கிலோகிராம். கிராமுக்கு மாற்றிவிடாதீர்கள், கிலோகிராமில் இருந்தால்தான் விடை ஜூலில் வரும்.

அடுத்தது ஒளிவேகம், நொடிக்கு 2.998 × 10⁸ மீட்டர். வழுக்குகிற இடம் இது. பாளையங்கோட்டையில் பிளஸ் டூ படித்தபோது நான் 2.998ஐ மட்டும் இருமடியாக்கி, அடுக்கை 8 என்றே விட்டுவிட்டு, விடை ஏன் இப்படி வருகிறது என்று அரைமணி நேரம் தலையைச் சொறிந்தேன். அடுக்கும் இரட்டிப்பாகும்: 8.988 × 10¹⁶.

இப்போது பெருக்கல். எண்கள் தனி, அடுக்குகள் தனி. 9.109ஐ 8.988ஆல் பெருக்கினால் 81.87, −31உடன் 16ஐக் கூட்டினால் −15. புள்ளியை ஓரிடம் தள்ளினால் 8.187 × 10⁻¹⁴ ஜூல்.

இவ்வளவு குட்டி எண்ணை வைத்து என்ன செய்ய? எலக்ட்ரான் வோல்ட் என்கிற குட்டி அலகுக்கு மாற்றிவிடலாம்: ஓர் எலக்ட்ரான் வோல்ட் என்பது 1.602 × 10⁻¹⁹ ஜூல், அந்த எண்ணால் வகுத்துவிடுங்கள். சுமார் 5,11,000 எலக்ட்ரான் வோல்ட், அதாவது 0.511 மெகா எலக்ட்ரான் வோல்ட். இதே அலகில் புரோட்டானுக்கு 938.272, நியூட்ரானுக்கு 939.565. தனியாக விட்ட நியூட்ரான் ஏன் புரோட்டானாகச் சிதைகிறது என்பது இந்த இரண்டு எண்ணிலேயே இருக்கிறது: வித்தியாசம் 1.293, அதில் புதிதாகப் பிறக்கும் எலக்ட்ரானுக்கு 0.511 போக, மிச்சம் 0.782 இயக்க ஆற்றலாகப் போய்விடுகிறது.

சரி, அப்புறம் நம்ம ஊர்க் கணக்கு ஒன்று, தலைகீழாக. கூடங்குளத்தில் ஓர் உலை முழுத்திறனில் 1000 மெகாவாட் மின்சாரம் தர, உள்ளே எழும் வெப்பம் சுமார் 3000 மெகாவாட். நாளுக்கு 86,400 நொடி என்றால் 2.59 × 10¹⁴ ஜூல். இதை 8.988 × 10¹⁶ஆல் வகுத்தால் 0.0029 கிலோகிராம். எரிபொருளே இவ்வளவுதான் செலவாகிறது என்று எண்ணிவிடாதீர்கள், பிளவுபடுவது சுமார் 3 கிலோ; பிளந்த துண்டுகளையெல்லாம் கூட்டி நகைக்கடைத் தராசில் நிறுத்தால் குறைவதுதான் இந்த 2.9 கிராம், அரைப் பவுன்கூட வராது.