டிபிஎம் டிரைவரை ரிஸ்க்-ஃபைவ் போர்டில் ஓட்டுவது எப்படி

டிபிஎம் என்பது சாவிகளையும் பூட் அளவீடுகளையும் காக்கும் பாதுகாப்புச் சிப், ரிஸ்க்-ஃபைவ் என்பது எக்ஸ்86 போல இன்னொரு பிராசசர் வகை. டிரைவரை முதலிலிருந்து எழுத உட்காராதீர்கள். லினக்ஸ் கெர்னலில் உள்ள டிபிஎம் டிரைவரின் பெரும்பகுதி எந்த பிராசசரில் ஓடுகிறோம் என்று பார்ப்பதே இல்லை. எக்ஸ்86 கணினியில் பயாஸும் மதர்போர்டும் சத்தமில்லாமல் செய்துகொடுத்த வேலைகள்தான் புது போர்டில் காணாமல் போகின்றன, அவற்றைத் தேடிப் பிடித்து நாமே செய்ய வேண்டும். ஐஐடி மெட்ராஸில் ரிஸ்க்-ஃபைவ் வகை சக்தி பிராசசர் உருவான ஊர் இந்தச் சென்னை, ரிஸ்க்-ஃபைவ் போர்டை மேசையில் வைத்துக்கொண்டு முழிப்பவர்கள் இங்கே நிச்சயம் இருப்பீர்கள்.

எக்ஸ்86 கணினியில் சிப் எங்கே இருக்கிறது என்பதை பயாஸ் தரும் ஏசிபிஐ அட்டவணை சொல்லிவிடும். இங்கே டிவைஸ் ட்ரீயில், அதாவது போர்டில் என்ன எங்கே இருக்கிறது என்று கெர்னலுக்குச் சொல்லும் கோப்பில், எழுதினால்தான் உண்டு: சிப்போடு பேசும் எஸ்பிஐ பஸ்ஸுக்குக் கீழே ஒரு நோடு (பதிவு), அதில் எந்த டிரைவர் என்று காட்டும் கம்பேட்டிபிள் பெயர், எந்தச் சிப்போடு பேசுகிறோம் என்று காட்டும் சிப் செலக்ட் லைனின் எண், அதிகபட்ச கிளாக். கிளாக்கை 1 மெகாஹெர்ட்ஸில் ஆரம்பியுங்கள், அப்போதுதான் ரிச்சி ஸ்ட்ரீட்டில் கிடைக்கும் சாதாரண எட்டு சேனல் லாஜிக் அனலைசரை வைத்தே எல்லாவற்றையும் பார்க்க முடியும்.

பார்க்கத்தான் வேண்டும். டிபிஎம்முக்கு முதலில் 4 பைட் ஹெடர் போகும். நான்காவது பைட் போகும்போதே சிப் பதிலுக்கு அனுப்பும் பைட்டின் கடைசி பிட் 1 என்றால் தயார், 0 என்றால் பொறு. பொறு என்றால் ஒவ்வொரு பைட்டாக கிளாக் கொடுத்து 1 வரும்வரை கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும், அதுவரை சிப் செலக்ட் லைன் தாழ்ந்தே இருக்க வேண்டும். என்னிடம் இருந்த போர்டின் எஸ்பிஐ கன்ட்ரோலர், ஹெடர் முடிந்ததும் அந்த லைனைத் தானே மேலே தூக்கிவிட்டது. சிப் பேச்சைப் பாதியில் நிறுத்திவிடும், படித்ததெல்லாம் 255. சிப்தான் செத்துவிட்டது என்று இரண்டு நாள் நினைத்திருந்தேன். அனலைசரில் அந்தச் சின்னத் துடிப்பைப் பார்த்த பிறகுதான் புரிந்தது. சிப் செலக்ட்டை ஜிபிஐஓ பின்னுக்கு, அதாவது மென்பொருளே நேரடியாக ஆட்டும் பின்னுக்கு, மாற்றினேன், சரியாகிவிட்டது.

அப்புறம் நீங்களே எழுதிச் சேர்த்த நிரல். டிபிஎம் கட்டளையில் முதல் 2 பைட் டேக், அடுத்த 4 பைட் நீளம். அதாவது நீளம் நான்கால் வகுபடாத முகவரியில் தொடங்குகிறது. எக்ஸ்86 அதைக் கண்டுகொள்ளாது, சில ரிஸ்க்-ஃபைவ் கோர்கள் டிராப் (trap) அடிக்கும், அதாவது ஓட்டத்தை நிறுத்திப் பிழை எழுப்பும். பாயின்டரை காஸ்ட் செய்து படிக்காமல் கெர்னலின் அன்அலைன்ட் ஃபங்ஷன்களைப் பயன்படுத்துங்கள். அவையே பைட் வரிசையையும் திருப்பித் தரும். திருப்பாவிட்டால் 12 என்ற நீளம் 201326592 ஆகத் தெரியும்.

எஸ்பிஐ கன்ட்ரோலர் டிரைவரை மாட்யூலாக விடாமல் கெர்னலுக்குள்ளேயே கட்டுங்கள். இல்லாவிட்டால் ஐஎம்ஏ (கோப்புகளை அளந்து டிபிஎம்மில் பதியும் கெர்னல் பகுதி) எழும் நேரத்தில் டிபிஎம் இருக்காது, ஐஎம்ஏ டிபிஎம் இல்லாமலேயே வேலையைத் தொடர்ந்துவிடும்.

ரீசெட் பின்னில் மட்டும் சமரசமே வேண்டாம். வசதியாக இருக்கிறதென்று அதை ஜிபிஐஓவில் மாட்டினால், அந்தப் பின்னை ஆட்ட முடிகிற எந்த மென்பொருளும் சிப்பை ரீசெட் செய்து பிசிஆர்களை (அளவீடுகள் சேரும் பதிவேடுகளை) துடைத்து, தனக்கு வேண்டிய அளவீடுகளை மறுபடி ஏற்றிவிடும், அதற்குப் பிறகு அந்தச் சிப்பின் சாட்சிக்கு மதிப்பே கிடையாது. பிராசசர் ரீசெட் ஆகும்போதுதான், அப்போது மட்டும்தான், டிபிஎம்மும் ரீசெட் ஆக வேண்டும். இரண்டுக்கும் ஒரே லைனைக் கொடுங்கள். பிசிஆர் மதிப்புகளைக் குறித்துக்கொண்டு ஒருமுறை ரீபூட், ஒருமுறை பவரைப் பிடுங்கி பூட் செய்யுங்கள். இரண்டிலும் அதே எண்கள் வந்தால்தான் ஒயரிங் சரி (ஐஎம்ஏ எழுதும் பிசிஆர் 10 மட்டும் மாறலாம்).