எடைக் குறைப்பு ஆபரேஷன்: கஞ்சியில் தொடங்கும் தவறுகள்

அக்காவுக்கு ஸ்லீவ் ஆபரேஷன் முடிந்து பத்தாம் நாள். காலையில் நொய்க்கஞ்சி, பதினோரு மணிக்கு இளநீர், மதியம் ரசத் தெளிவு, சாயங்காலம் சர்க்கரை போட்ட பால் என்று அம்மா வரிசை கட்டினாள். எங்கள் வீட்டில் யாருக்கு எந்த ஆபரேஷன் நடந்தாலும் இதுதான் பத்தியம். டயட்டீஷியன் கொடுத்த தாளை எடுத்துவைத்து அன்றைய புரதக் கணக்கைக் கூட்டிப் பார்த்தேன். 15 கிராம்கூடத் தேறவில்லை. தாளில் எழுதியிருந்தது 60.

ஸ்லீவில் இரைப்பையின் முக்கால் பாகத்துக்கு மேல் வெட்டி எடுத்துவிடுவார்கள். மிச்சமிருப்பது வாழைப்பழம் போன்ற ஒரு குழாய்; 100 முதல் 150 மில்லி பிடிக்கும், அதாவது ஒரு காபி டம்ளர். இன்னொரு வகையான இரைப்பை பைபாஸ் (இதய பைபாஸ் அல்ல) என்றால் பை இன்னும் சின்னது, சுமார் 30 மில்லி. சிறுகுடலின் முதல் பகுதியையும் சாப்பாடு தொடாமல் போய்விடும். இந்த இடத்தைக் கஞ்சியால் நிரப்பினால் வேறு எதற்கும் இடமில்லை. புரதம் போதாவிட்டால் கொழுப்போடு சதையும் சேர்ந்து கரையும். ஒரு நாளைக்கு 60 முதல் 80 கிராம் வரை புரதம் வேண்டும் என்பார்கள். ஒரு முட்டையில் 6 கிராம், ஒரு இட்லியில் 2. முதல் இரண்டு வாரம் திரவம், அப்புறம் மசித்தது, பிறகு குழைவானது என்று போகிற எல்லாக் கட்டத்திலும் இதே கணக்குதான். தட்டில் முதலில் பருப்போ முட்டையோ மீனோ, பிறகு காய், இடமிருந்தால் சோறு. நம் வழக்கத்துக்கு நேர் தலைகீழ்.

தண்ணீர் குடிப்பதிலும் ஒரு சிக்கல். எச்சில் படாமல் அண்ணாந்து குடித்துப் பழகியவர்கள் நாம். அப்படி மடமடவென்று ஊற்றினால் காற்றும் சேர்ந்து போய், அந்தக் குழாய் ஒரே மடக்கில் நிரம்பி நெஞ்சை அடைக்கும். டம்ளரில் வாய் வைத்து, சப்பிச் சப்பி, நாள் முழுக்க குடிக்க வேண்டும். சாப்பிடும்போது தண்ணீர் கூடாது. சாப்பிட்ட பிறகும் அரை மணி நேரம் பொறுக்க வேண்டும். அக்காவுக்கு இதைப் பழக்கத்தான் ரொம்ப நாள் ஆனது.

ஆபரேஷனுக்கு முன்னால் செய்யும் தவறுகளும் உண்டு. கொழுப்பை உறிஞ்சி எடுக்கும் லைப்போசக்‌ஷனும் இதுவும் ஒன்று என்று நினைத்துக்கொண்டே டாக்டரிடம் போகிறவர்கள் இருக்கிறார்கள். அது உடம்பின் வடிவத்துக்கு. சர்க்கரை நோயை அது சரி செய்யாது. அடுத்தது, ‘இனிமேல் சாப்பிட முடியாதே’ என்று கடைசி வாரத்தில் பிரியாணிக்கு வழியனுப்பு விழா நடத்துவது. ஆபரேஷனுக்கு முந்தைய இரண்டு வாரம் குறைந்த கலோரி உணவு கொடுப்பதற்குக் காரணம் உண்டு. கல்லீரல் இரைப்பையின் மேல்தான் கிடக்கிறது. கொழுப்பு ஏறி வீங்கிய கல்லீரலைத் தூக்கிப்பிடித்துக்கொண்டு லேப்ராஸ்கோப்பியில், அதாவது சிறு துளைகள் வழியே, வேலை செய்வது சிரமம். பத்தியம் இருந்தால் அது சுருங்கும். சிகரெட்டை ஆறு வாரத்துக்கு முன்பே நிறுத்த வேண்டும். நெஞ்செரிச்சல் இருந்தால் மறைக்கக் கூடாது, ஸ்லீவ் அதை அதிகமாக்கலாம். அப்படிப்பட்டவருக்குப் பைபாஸே பொருந்தலாம்.

இன்ஷூரன்ஸ் விஷயத்தையும் முன்கூட்டியே பார்த்துவிடுங்கள். டாக்டர் பரிந்துரைத்தாலே பணம் வந்துவிடாது. பாலிசிகளில் பொதுவாக உள்ள நிபந்தனை, 18 வயது நிறைந்திருக்க வேண்டும், பி.எம்.ஐ. (உயரத்தோடு எடையை ஒப்பிடும் அளவு) 40-க்குக் குறையக் கூடாது, அல்லது கட்டுக்கடங்காத சர்க்கரை, இதய நோய், கடுமையான தூக்க மூச்சுத்திணறல் போன்றவற்றோடு 35. 160 செ.மீ. உயரமுள்ளவருக்கு 40 என்பது சுமார் 102 கிலோ.

வீட்டுக்கு வந்த பிறகு அசட்டையாக விடக் கூடாதது ஒன்று. வயிற்றுவலி, காய்ச்சல், இடது தோளில் வலி, ஓய்வாகப் படுத்திருந்தும் நெஞ்சு படபடப்பு. ‘வாயு பிடிப்பு’ என்று ஓமத்தண்ணீர் கொடுத்துக் காத்திருக்காதீர்கள். தையல் போட்ட இடத்தில் கசிவு இருக்கலாம். ராத்திரி என்றாலும் ஆபரேஷன் செய்த டாக்டரைக் கூப்பிட வேண்டும்.

அதேபோல், வாந்தி நிற்காவிட்டால் தெருமுனை கிளினிக்கில் குளுகோஸ் ட்ரிப்ஸ் போட்டுக்கொள்வதும் தவறு. தொடர்ந்த வாந்தியில் பி1 வைட்டமின் தீர்ந்துபோயிருக்கும். அதை ஈடுகட்டாமல் குளுகோஸ் ஏற்றினால் மூளை பாதிக்கப்படலாம். எங்கே போனாலும் ‘எனக்கு இந்த ஆபரேஷன் நடந்திருக்கிறது’ என்று முதலில் சொல்லுங்கள். மூட்டுவலிக்கு மெடிக்கல் ஷாப்பில் டைக்ளோஃபினாக் வாங்கிப் போடுவதும் வேண்டாம், குறிப்பாகப் பைபாஸ்காரர்கள். இரைப்பையும் குடலும் இணைந்த இடத்தில் புண் வரலாம். சர்க்கரை மாத்திரையைப் பழைய அளவிலேயே தொடர்ந்தால் சர்க்கரை மயக்கம் வரும்படி இறங்கும். தானாக நிறுத்தினாலும் ஆபத்து. குறைப்பதையும் நிறுத்துவதையும் டாக்டர்தான் செய்ய வேண்டும்.

வைட்டமின் மாத்திரை கதை வேறு. ஒரு வருடம் போனதும் ‘நன்றாகத்தானே இருக்கிறேன்’ என்று நிறுத்திவிடுகிறார்கள். பி12 உடம்பில் சேமிப்பாக இருப்பதால் குறைவு உடனே தெரியாது. பாதம் மரத்துப்போகும்போதுதான் தெரியும். மாத்திரை ஆயுளுக்கும். கால்சியமும் இரும்புச்சத்தும் ஒரே நேரத்தில் வேண்டாம், இரண்டு மணி நேரமாவது இடைவெளி விடுங்கள். இரும்பு மாத்திரையை டீயோடு விழுங்காதீர்கள். மூன்று முதல் ஆறு மாதத்துக்குள் முடி கொட்டும்; பெரும்பாலும் திரும்ப வளரும். கர்ப்பத்தை 12 முதல் 18 மாதம் தள்ளிப்போட வேண்டும். எடை குறையும்போது கருத்தரிக்கும் வாய்ப்பு கூடுகிறது என்பதைப் பலர் எதிர்பார்ப்பதில்லை.

எடை மறுபடி ஏறுவது பெரும்பாலும் பிரியாணியால் அல்ல. அதை இரண்டு வாய்க்கு மேல் சாப்பிட முடியாது. டீயில் நனைத்த பிஸ்கட், முறுக்கு, ஐஸ்கிரீம் எல்லாம் வாயிலேயே கரைந்து குழாயில் தங்காமல் வழுக்கிப் போய்விடும். நாள் முழுக்கக் கொறிக்கலாம். பாயசம் வேறு விதம்: பைபாஸ் ஆனவர்களுக்குச் சில சமயம் ஒரு கப்பிலேயே வியர்த்து, படபடத்து, வயிற்றைக் கலக்கிவிடும்.

அப்புறம் கல்யாண வீடு. ஒரு வாயை இருபது, முப்பது முறை மென்று விழுங்க வேண்டும். பந்தியில் அதற்கு நேரம் கிடையாது, நாற்காலிக்குப் பின்னால் அடுத்த ஆள் நிற்பார். ‘என்ன இப்படி இளைச்சுட்டே, சுகரா?’ என்று ஒரு கேள்வியும் கூடவே வரும். அக்கா இப்போதெல்லாம் கடைசிப் பந்தியில்தான் உட்காருகிறாள். இலையில் கொஞ்சம் கூட்டு, பருப்பு, ஒரு கரண்டி சோறு. பின்னால் யாரும் நிற்பதில்லை.