எழுத்து முடிஞ்சுது, இனி? கனடாவுக்குத் துணையை ஸ்பொன்சர் செய்யும் வழி

யாழ்ப்பாணத்தில் எழுத்து (கல்யாணப் பதிவு) வைத்துவிட்டு, எடுத்த லீவு முடிந்து ரொறன்ரோ திரும்புகிறவரிடம் எல்லாரும் கேட்பது ஒன்றுதான்: "பொம்பிளை எப்ப வாறா?" நாள் குறித்துத் தர என்னால் முடியாது. விண்ணப்பத்தை எப்படிக் கட்டினால் இடையில் இழுபடாது என்று சொல்லலாம். பெண் இங்கிருந்து மாப்பிள்ளையைக் கூப்பிட்டாலும் இதே வழிதான். கியூபெக்கில் இருப்பவர்களுக்கு மட்டும் மாகாண அனுமதி தனியாக உண்டு.

முதலில் உங்கள் தகுதி

வயது 18 ஆகியிருக்க வேண்டும். பிஆர் (நிரந்தர வதிவிட உரிமை) வைத்திருப்பவர் கனடாவில் வசித்தால்தான் ஸ்பொன்சர் செய்யலாம். நீங்களே ஸ்பொன்சரில் துணையாக வந்தவர் என்றால், பிஆர் கிடைத்து 5 வருடம் போக வேண்டும். அரச உதவிப்பணத்தில் இருப்பவரால் முடியாது; உடல் இயலாமைக்காக எடுக்கும் பணம் இதில் சேராது.

சம்பளம் காணாதே என்று பயப்படுகிறவர்கள் அதிகம். அப்பா அம்மாவைக் கூப்பிடத்தான் வருமான எல்லை. துணைக்குப் பெரும்பாலும் அது இல்லை. ஆனால் 3 வருடம் அவரைப் பராமரிப்பேன் என்று கையெழுத்து வைக்கிறீர்கள். இடையில் பிரிந்தாலும் அந்தப் பொறுப்பு போகாது. அவர் உதவிப்பணம் எடுத்தால் நீங்கள்தான் திருப்பிக் கட்ட வேண்டும்.

உள்ளிருந்தா, வெளியிலிருந்தா?

துணை ஊரில் இருந்தால் வெளியிலிருந்து போடும் விண்ணப்பம்தான். விசிட்டில் வந்து கனடாவில் உங்களோடு இருக்கிறார் என்றால் உள்ளிருந்தும் போடலாம், வேலை அனுமதியும் கேட்கலாம். ஆனால் ஒரு வித்தியாசம்: வெளியிலிருந்து போட்டது மறுக்கப்பட்டால், பெரும்பாலும் 30 நாளுக்குள் குடிவரவு மேன்முறையீட்டுப் பிரிவுக்குப் போகலாம். உள்ளிருந்து போட்டதற்கு அந்த வழி இல்லை, ஃபெடரல் கோர்ட்தான்.

படிவங்கள்

நீங்கள் நிரப்புவது ஐஎம்எம் 1344. துணைக்கு 0008, 5669, 5406. உங்கள் உறவைப் பற்றி இருவரும் சேர்ந்து நிரப்புவது 5532. எதைச் சேர்த்து அனுப்ப வேண்டும் என்ற பட்டியல் 5533. அதை அச்செடுத்துப் பக்கத்தில் வைத்து ஒவ்வொன்றாக வெட்டிக்கொண்டு போங்கள். 5669-இல் கடந்த 10 வருடத்தில் எங்கே இருந்தீர்கள், என்ன செய்தீர்கள் என்று கேட்பார்கள். ஒரு மாதம்கூட வெறுமையாக விடாதீர்கள். வேலை இல்லாமல் வீட்டில் இருந்தால் அப்படியே எழுதுங்கள்.

5532: உண்மையான வேலை இங்கேதான்

அதிகாரி தேடுவது ஒன்று: இது உண்மையான கல்யாணமா, பேப்பருக்குச் செய்ததா? நம் வழக்கம் அவருக்குத் தெரியாது. எழுத்து மார்கழியில், தாலி கட்டு ஆவணியில் என்றால் நமக்கு அது சாதாரணம். அவருக்கு, பதிவு செய்துவிட்டு எட்டு மாதம் ஏன் தனித்தனியே இருந்தார்கள் என்ற கேள்வி வரும். அதனால் கேட்கும் முன் சொல்லிவிடுங்கள்: குறிப்பு யார் கொண்டுவந்தது, பொருத்தம் எப்போது பார்த்தது, முதலில் பேசியது எப்போது, நேரில் கண்டது எப்போது. எல்லாம் தேதியோடு.

படங்களுக்கும் அதேதான். பொன்னுருக்கலுக்கு நிற்கும் படத்தின் கீழே அது என்ன சடங்கு, யார் யார் நிற்கிறார்கள் என்று ஆங்கிலத்தில் ஒரு வரி எழுதுங்கள். ஸ்டுடியோ அல்பத்தை முழுதாக ஏற்றாதீர்கள். கூறை மாற்றிய படம் பத்து வைப்பதைவிட, இருவரின் பெற்றோரும் சேர்ந்து நிற்கும் படம் இரண்டு மேல். வட்ஸ்அப் உரையாடலும் மாதத்துக்குக் கொஞ்சமாக, தேதி தெரியும்படி இருந்தால் போதும். பணம் அனுப்பிய ரசீதும், விமான டிக்கெட்டும் நல்ல சாட்சி.

வீடியோவில் ஒருவர் அங்கும் ஒருவர் இங்கும் இருந்து செய்த கல்யாணம் 2015 ஜூன் 11 முதல் செல்லாது. எழுத்தில் இருவரும் நேரில் இருந்திருக்க வேண்டும்.

பெயர், மொழிபெயர்ப்பு

என் விண்ணப்பம் இழுபட்டது இதில்தான். பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுதாக, கல்யாணச் சான்றிதழில் முதலெழுத்தாக. இரண்டும் ஒரே ஆள்தானா என்று கடிதம் வந்தது. பிழை என்னுடையதுதான், நான் ஒத்துப் பார்க்கவில்லை. இரண்டு பெயரும் ஒரே ஆளுடையது என்று சத்தியக் கடதாசி ஒன்றை முதலிலேயே சேர்த்துவிடுங்கள். தமிழ், சிங்கள ஆவணங்களுக்குச் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரின் ஆங்கிலப் பிரதி வேண்டும்; தெரிந்த அண்ணா மொழிபெயர்த்துத் தந்தால் எடுக்க மாட்டார்கள்.

கட்டணமும் பிறகும்

2024 ஏப்ரல் 30-இல் வந்த கணக்குப்படி: ஸ்பொன்சருக்கு 85 டொலர், துணையின் விண்ணப்பத்துக்கு 545, பிஆர் உரிமைக்கு 575, கைரேகைக்கு 85. மொத்தம் 1,290. இடையிடையே கூட்டுவார்கள், கட்டும் நாளில் பாருங்கள். மறுத்தால் 575 திரும்பி வரும். ஒன்லைனில் அனுப்பிய பிறகு கைரேகை, மெடிக்கல் என்று ஒவ்வொன்றாகக் கேட்பார்கள். மெடிக்கல், அவர்கள் பட்டியலில் உள்ள டொக்டரிடம் மட்டும். துணை மத்திய கிழக்கில் வேலை செய்திருந்தால் அந்த நாட்டுப் பொலிஸ் ரிப்போர்ட்டையும் முதலே தேடத் தொடங்குங்கள். அதுதான் கடைசியில் வந்து சேரும்.

துணைக்கு முன்பு ஒரு பிள்ளை இருந்தால், கூட வராவிட்டாலும் பெயரை எழுதுங்கள், மெடிக்கலும் செய்யுங்கள். மறைத்தால் அந்தப் பிள்ளையைப் பிறகு ஸ்பொன்சர் செய்ய முடியாமல் போகலாம். பொய் சொன்னதாக முடிவானால் 5 வருடத் தடையும் உண்டு. விசா வருவதற்குள் உங்களுக்கே பிள்ளை பிறந்தாலும் இதே விதிதான். ஃப்ளைட் ஏறுவதற்கு முன் அறிவிக்க வேண்டும்.